எந்தப் பக்கம் ஏறுவது?

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு முரளி புது ஷூவோடு வந்து நின்றார். ஆபீஸ் நண்பர்களோடு மலை ஏறப் போகிறாராம். வேன் பேசியாகிவிட்டது. பைனாகுலர் காட்டினார், தொப்பி காட்டினார், மடக்குக் கத்திகூடக் காட்டினார்.

"எங்கேர்ந்து ஏறப் போறீங்க?" என்றேன்.

"மலையடிவாரத்துலேர்ந்துதான் மேடம்... வேற எங்கேர்ந்து ஏறுவாங்க?"

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் ஒரு மலைக்கு ஒரே ஓர் அடிவாரம்தான் என்று யார் சொன்னது?

எனக்கு இது தெரிய வந்த கதையைச் சொல்கிறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். தாம்பரத்திலிருந்து பீச் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினில், லேடீஸ் பெட்டியில், நாங்கள் மூன்று பேர் சிநேகம். இரும்புலியூர் ஸ்டெல்லா, சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். பொழிச்சலூர் நூர்ஜஹான் அக்கா, பல்லாவரத்தில் ஏறி கிண்டியில் இறங்குவார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். மூன்றாவது நான் — நாற்காலியைத் தவிர எதன் மீதும் ஏறிப் பழகாத குமாஸ்தா.

ஜவ்வாது மலையில் ஓர் உச்சி. காலேஜ் கேம்ப்பில் அதன் கீழே டென்ட் போட்டுத் தங்கிய ஸ்டெல்லா, ஏற வேண்டிய அன்று ஜுரத்தில் படுத்துவிட்டாள். அதிலிருந்து அந்த உச்சியைப் பற்றியே பேச்சு. கேட்டுக் கேட்டு எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது.

வீட்டில் அனுமதி வாங்கியதுதான் முதல் மலை. "ஒரு தடவ போய்ட்டு வா. ஆனா இதான் கடைசி" என்றார் நூர் அக்காவின் கணவர். என் மாமியார் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்!

போளூரில் ஸ்டெல்லாவின் சித்தி வீட்டில் ராத்தங்கி, காலையில் வாடகை ஜீப் பிடித்தோம். ரோடு முடிகிற இடத்தில் ஜீப் நின்றது. வீடு இல்லை, கடை இல்லை, மனித வாடையே இல்லை. குறுக்கே ஓர் ஓடை. அதைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதை விறுவிறுவென்று மேலே போனது. இதுதான் குறுக்கு வழி. மலையின் மறுபக்கம் ஒரு கிராமம் இருக்கிறது. அங்கிருந்தும் ஏறலாம், ஆனால் தூரம் அதிகம்.

ஸ்டெல்லா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரைக்கே போய்விட்டாள். நூர் அக்கா மட்டும் நகரவில்லை.

"வாங்கக்கா... கணுக்கால் அளவுதான் தண்ணி."

"இப்ப கணுக்கால். மேல மழை பேஞ்சா?"

"வானத்தப் பாருங்க, ஒரு மேகம் இருக்கா?"

"இந்தப் பக்கம் இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? இந்த ஓடையில தண்ணி வந்துட்டா, திரும்ப வேற வழி இருக்கா?"

ஸ்டெல்லா ஷூவைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்காவது கால் பிசகினா? கூப்பிட ஆள் இருக்கா?"

"சாயங்காலம் ஜீப் வருமே."

"சாயங்காலம் வரைக்கும்?"

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ பயந்தாங்கொள்ளின்னா பொழிச்சலூர்லயே இருந்திருக்கலாமே!"

நூர் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை. "எனக்கும் இது ஒரே தடவதான் ஸ்டெல்லா. திரும்ப விடமாட்டாங்க. ஆனா நமக்கு ஏதாவது ஆச்சுன்னா, நம்ம வீட்டுப் பொண்ணுங்கள அப்புறம் வாசப்படி தாண்ட விடுவாங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அக்கரைக்குப் போகத்தான் ஆசை. தண்ணீர் அவ்வளவு தெளிவு... ஆனால் நூர் அக்கா கேட்டதில் ஒரு கேள்விக்குக்கூட என்னிடம் பதில் இல்லை.

"சுத்தியே போலாம்" என்றேன். ஸ்டெல்லா தண்ணீரைக் கலக்கிக்கொண்டு இக்கரைக்கு வந்தாள்.

ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவர் தலையை நீட்டினார். "இன்னாம்மா, ஏறலியா?"

கிராமத்துப் பக்கம் போய்ச் சேரவே வெயில் ஏறிவிட்டது. அங்கே ஒரு பள்ளிக்கூடம், ஒரு டீக்கடை. கடைக்காரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூணு பேர் போறீங்க, மூணு பேரா வரணும். இருட்டறதுக்குள்ள வரலன்னா ஆள் அனுப்புவேன்" என்றார். மிரட்டலா, பாசமா? இரண்டும்தான்.

வெயில் சாய ஆரம்பித்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று பேசிக்கொண்டு ஏறினோம். மூச்சிரைக்க ஒரு மேட்டில் வந்து நின்றபோது, உச்சி எதிரே நின்றது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. ஆனால் வெயில் சாய்ந்துவிட்டது.

ஸ்டெல்லா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெல்லா தானாகவே திரும்பி இறங்க ஆரம்பித்தாள். கண் சிவந்திருந்தது.

ஊர் திரும்பும்போது அதே ஓடையைக் கீழே ஒரு தரைப்பாலத்தில் கடந்தோம். மழையா? ஒரு சொட்டு இல்லை. காலையில் பார்த்த அதே கணுக்கால் தண்ணீர். நாலைந்து மாடுகள் குளம்பு நனைய நின்றுகொண்டிருந்தன.

"பாத்தீங்களா?" என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவுதான். அதற்கப்புறம் தாம்பரம் வரை பேச்சே இல்லை.

ட்ரெயினில் பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். நூர் அக்கா தினமும் பக்கத்து ஸீட்டில் டிபன் பையை வைத்து இடம் பிடிப்பார். கிண்டி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

"அன்னிக்கு ஒரு மழையாவது பேஞ்சிருக்கலாம்கா" என்றேன் ஒருநாள்.

"அப்படியெல்லாம் வேண்டிக்காதம்மா" என்று சிரித்தார்.

யோசித்துப் பாருங்கள். ஓடையில் வெள்ளம் வந்திருந்தால் நூர் அக்கா தீர்க்கதரிசி. வரவில்லை, அதனால் பயந்தாங்கொள்ளி. அவர் கேட்ட கேள்விகள் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்!

அடுத்த வருஷம் ஒரு காலை. பல்லாவரத்தில் நூர் அக்கா ஏறியதும் ஸ்டெல்லா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்கூல் பொண்ணுங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்கக்கா. ஞாயித்துக்கெழம இடம் பாக்கப் போறேன். எங்கேர்ந்து ஏத்தலாம்னு பாக்கணும்... நீங்களும் வரணும்."

"நான் பயந்தாங்கொள்ளியாச்சே?"

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

நூர் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீனம்பாக்கம் தாண்டும் வரை திரும்பவே இல்லை. அப்புறம் டிபன் பையைத் திறந்து ஸ்டெல்லாவிடம் நீட்டினார்.

'இதான் கடைசி' என்ற கணவரிடம், "நான் ஏறப் போகல, கீழ நின்னு பாக்கத்தான் போறேன்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாராம். இரண்டு இடங்களை வேண்டாமென்று தள்ளினார். மூன்றாவது இடத்தில் பஸ் நின்றது, வீடுகள் இருந்தன, நடுவில் ஓடை இல்லை. அங்கிருந்துதான் ஸ்கூல் பெண்கள் ஏறினார்கள், உச்சி வரை போய் இறங்கினார்கள், வீடு வந்தார்கள்.

மறுநாள் ஒரு பெண் ஸ்டெல்லாவிடம் அலுத்துக்கொண்டதாம்: "ட்ரிப் நல்லாத்தான் இருந்துச்சு மிஸ். ஆனா ஒண்ணுமே நடக்கல!"

இதைவிட நல்ல சர்டிபிகேட் உண்டா?