உப்பளக்காரனை நடக்கவைத்த ரபீக்

கல்பிட்டியில் என் ஸ்டூடியோவில் ஒருவரைக் கதிரையில் இருத்திப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ரபீக்கின் மைத்துனன் தொலைபேசியில் சொன்னான்: "நானா, மச்சான் மௌத்தாகிட்டார். கடையில தச்சிக்கிட்டு இருந்தவர், அப்படியே சாஞ்சிட்டார்." சரி என்றேன். வந்தவரின் நாடியை நிமிர்த்திப் படத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ரபீக்கை உங்களில் பலருக்கு டெய்லராகத் தெரியும். கம்பியாலும் துணியாலும் அவன் செய்த ஒரு சாண் உயர உப்பளக்காரனை, மூன்று வருடமாக என் ஸ்டூடியோவின் பின்னறையில் நாங்கள் இருவரும் நடக்கவைத்துக்கொண்டிருந்தது தெரியாது. அவன் பொம்மையை மயிரிழை அசைப்பான். நான் ஒரு படம் எடுப்பேன். பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு வினாடி ஓடும். ஊர் சிரிக்கும் என்று இருவருமே வெளியில் கதைக்கவில்லை.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். எங்கள் முதல் கோணல் உப்பு. உப்பு விளைகிற ஊரில் பிறந்துவிட்டு வேறு வெள்ளையைக் கொட்டுவது வெட்கம் என்று, மேசை நிறைய அசல் உப்பைப் பரப்பினோம். கடற்காற்றில் அது கசிந்தது. பொம்மையின் கம்பிக் கால் துருப்பிடித்து, நாளுக்கு நாள் புதைந்தது. ஓட்டிப் பார்த்தால் மனிதன் நடக்க நடக்கக் குள்ளமாகிறான். ரபீக் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "படத்துல உப்பாத் தெரிஞ்சாக் காணும் மச்சான். நாக்கு வச்சா பாக்கப் போறாங்க?" அன்றே டீவிப் பெட்டிக்குள் அடைத்து வரும் வெள்ளை ரெஜிபோமைச் சீவித் தூவினோம்.

அடுத்தது அவனுடைய சட்டை. வெட்டி மிஞ்சிய துணிகளில் சிவப்பும் மஞ்சளுமாகத் தனக்குத் தைத்துப் போடுவான். அவன் மேசையருகே நின்ற படங்களில் எல்லாம் அந்த நிறம் பட்டு வெள்ளைத் தரை சிவந்து துடித்தது. குறை சொன்னதும் கோபித்துக்கொண்டு போனவன், மறுநாள் இரண்டு கறுப்புச் சட்டையோடு வந்தான், ஒன்று எனக்கு. அதைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனபோது கடைக்காரர், "யாரும் மௌத்தா?" என்று கேட்டார். "ஓம், எங்கட பழைய படம்," என்றான் ரபீக்.

அவன் விட்டுக்கொடுக்காத ஒன்று இருந்தது. ஒரு நடையைத் தொடங்கியவன்தான் அதை முடிக்க வேண்டும். "கை மாறினா நடை மாறும்," என்பான். தொடங்கியவன் முடிக்காவிட்டால் முழுவதையும் அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து எடுப்போம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள் என்று எனக்குப் பாடம் நடத்துவான்; அவனும் என்னோடு சேர்ந்து பட்டுத் தெளிந்தவன்தான்.

அடக்கம் முடிந்து எட்டு நாள் கழித்துப் பின்னறையைத் திறந்தேன். உப்பளக்காரன் மேசை நடுவில் வலது காலைத் தூக்கியபடி நின்றான். இடது பாதத்தில், விழாமலிருக்க ரபீக் குத்திய குண்டூசி. அவனுடைய விதிப்படி அந்தப் பாதி நடையை அழிக்க வேண்டும். விரல் போகவில்லை. நானே காலை இறக்கினேன். கமெராவுக்கு வந்து ஒரு படம் எடுத்தேன். திரும்பப் போய் அசைத்தேன், திரும்ப வந்தேன். இருவர் செய்த வேலையை ஒருவன் செய்தால் ஓர் அறைக்குள் இவ்வளவு நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தனிமை என்னை வாட்டுகிறது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஓட்டிப் பார்த்தேன். பாதிவரை உப்பளக்காரன் ஆறுதலாக வருகிறான். பிறகு ஓர் அடியில் தடுமாறி, அவசரப்பட்டு, வேறு ஆளாக நடக்கிறான். பார்ப்பவர்கள் பிழை என்பார்கள். பிழைதான். நான் திருத்தப் போவதில்லை. ரபீக்கின் கை எந்த அடியோடு நின்றது என்று காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.