முன்னால் ஒட்டிய குளோரின்

யாரும் நம்பமாட்டாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன்; இது சத்தியம். என் தங்கை கணவர் ஜெகந்நாதன் போய்விட்டார் என்று பந்தல்குடி லாரிக்காரர் வந்து சொன்னார். அன்று மாலையே எங்கள் சாயப்பட்டறை முதலாளி அச்சடித்த இரங்கல் நோட்டீஸும் வந்தது. "ஒருமுறை நூலைப் பாழாக்கியும் மன்னித்து ஆதரித்தோம்." மன்னித்தார்களாம். எனக்கு வந்த கோபத்தில் அருப்புக்கோட்டைக் கிணறுகளில் மிச்சமிருந்த தண்ணீரும் கொதித்து ஆவியாகிவிட்டது.

அவரை அறிந்தவர்களே, நடந்ததைக் கேளுங்கள். அறுபதுகளின் கடைசி, மழை பொய்த்த காலம். தவளைகள் ரேஷன் கார்டோடு வரிசையில் நின்றன. சாயம் ஏற்றிய பருத்தி நூலைக் கடைசியாக, காரம் முறிய, அசெட்டிக் அமிலத் தண்ணீரில் முக்கி, அலசாமலே வெயிலில் போடுவோம். அலசத் தண்ணீர் ஏது? அது மெல்லிய அமிலம், காயும்போதே பறந்துவிடும். ஒருநாள் முதலாளி மலிவாக வேறு கேன் இறக்கினார். லேபிளில் "குளோரோ அசெட்டிக்" என்றிருந்தது. வேதியியல் படித்த ஜெகந்நாதன் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊத்தாதீக முதலாளி. இது வேற."

"அசெட்டிக்னுதானப்பா போட்டிருக்கு. முன்னால ஒரு பேரு ஒட்டிக்கிட்டா ஆளு மாறிருமா?"

"மாறிரும். சாதா அசெட்டிக்ல மெத்தில் எலக்ட்ரானத் தள்ளிவிடும், ஹைட்ரஜன் லேசுல பிரியாது. இதுல குளோரின் எலக்ட்ரானத் தன் பக்கம் இழுக்குது. ஹைட்ரஜன் கழண்டுக்கிரும். எண்பது மடங்கு வீரியம். வெயில்ல பறக்காது, நூலுலயே இருந்து அரிக்கும். நல்லா அலசணும்."

"தண்ணிய ஒம் மாமியா வீட்டுக் கெணத்துல இருந்து கொண்டாரியா?"

அந்த மாமியார் என் அம்மா.

முதலாளி ஊற்றியே தீர்த்தார், அலசவும் விடவில்லை. பத்தே நாளில் தறியில் பாவு நூல் பொலபொலவென்று அறுந்தது. பாளையம்பட்டியில் ஒருவர் தும்ம, திருச்சுழியில் சேலை இரண்டாகக் கிழிந்தது. பழி மட்டும் படித்தவன் தலையில். 'அளவு தெரியாமல் நானே ஊற்றினேன்' என்று எழுதித் தரச்சொன்னார்கள்.

"வேலைய விட்டுர்றேன். பொய்ய எழுத மாட்டேன்" என்றார்.

விட்டார். சாயம் போடத் தெரிந்த ஆள் கிடைக்காமல் ஒரே மாதத்தில் அவர்களே வாசலுக்கு வந்து கூப்பிட்டார்கள். அதற்குப் பெயர் மன்னிப்பு!

கோபத்தில் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன், கழித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் பகுதியை மட்டும் கழிக்க முடியாது, அது அப்படியே நிஜம். அந்தக் கேனைத் தனியாளாகச் சாய்க்க முடியாது. மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தவன் நான். அறுந்த நூலோடு வந்த தறிக்காரர்கள் "யாருப்பா ஊத்துனது?" என்று எல்லோர் முன்னும் கேட்டபோது ஜெகந்நாதன் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவர் நினைவாக நான் வைத்திருப்பது அதைத்தான்.