தனசேகரின் கட்டுமரக் கிதார்

தனசேகருக்கு மச்சான் மூர்த்தியைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிக்கும். மூர்த்தி காய்ச்சலில் படுத்தால் முதலில் ஓடுகிறவன் தனசேகர்தான். எழுந்து நடமாடி நாலு பேர் வாயால் பாராட்டு வாங்கினால்தான் இவனுக்கு வயிறு எரியும்.

பழவேற்காட்டை ஒட்டிய குப்பத்தில், ஏரியைப் பார்த்த தகரக் கொட்டகையில், தனசேகர் எலக்ட்ரிக் கிதார் செய்கிறான். நடுவில் கூடு இல்லாத முழுமரக் கிதார். படகுகளுக்கு மரவேலை பார்த்தவனுக்கு, பொன்னேரியில் உடைந்த கிதார் ஒன்றை ஒட்டிக் கொடுக்கப் போய் இந்தப் பித்துப் பிடித்துக்கொண்டது. பத்து வருஷமாகச் சுற்றுவட்டாரத்துப் பாட்டுக் குழுக்கள் எல்லாம் அவனிடம்தான் வாங்கின. தேக்குதான் போடுவான். கனமான மரத்தில்தான் நாதம் நின்று பேசும் என்பது அவன் கட்சி. நண்டு வியாபாரியின் தராசில் தொங்கவிட்டால் முள் நாலரை கிலோவைத் தாண்டும்.

மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் செசிலியாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, ரெண்டு மணி நேரம் நின்னு வாசிச்சா தோள்பட்ட கழண்டு வுழுது."

"வாசிக்க வாசிக்கப் பழகிடும்மா" என்று அனுப்பிவிட்டான். அவள் பழகிக்கொள்ளவில்லை. மூர்த்தியிடம் போனாள்.

மூர்த்தி இவன் மனைவி தேவியின் அண்ணன். படகு வேலையில் இவனோடு சேர்ந்து உளி பிடித்தவன். வேலை இல்லாத நாட்களில் உட்கார்ந்து ஒரு கிதார் செய்து கொடுத்தான். மூன்றே கிலோ. நாதத்திலும் குறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் செசிலியா அதை வாசித்ததைப் பற்றித் தேவி வீட்டில் மூன்று வேளையும் பேசினாள். "எங்கண்ணன் கை வச்சா சும்மாவா?" தனசேகருக்குச் சோறு இறங்கவில்லை. அவனிடம் வாங்குவதாக இருந்த எளாவூர்க் குழு "யோசிச்சு சொல்றோம்" என்றதும் உறக்கமும் போனது.

என்ன மரம் என்று மூர்த்தியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதா? அதற்குப் பேசாமல் ஏரியில் குதிக்கலாம்! அவனே துப்பறிந்தான். மூர்த்தி வீட்டுப் பக்கம் மணலில் கிடந்த பழைய கட்டுமரத்தைக் காணோம். அதுதான் சங்கதி என்று முடிவு கட்டினான். கடலில் மிதப்பதற்கென்றே பொறுக்கி எடுத்த மரத்தைவிட இலேசான மரம் வேறு எது? அவனுடைய நைனா சீனிவாசன் ஃபைபர் போட்டுக்கு மாறி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவருடைய கட்டுமரமும் கரையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து நடுக்கட்டையை அறுத்து எடுத்து வந்துவிட்டான்.

செய்து முடித்துத் தராசில் மாட்டினால் இரண்டரை கிலோ. மீன் ஏலத்துக்கு வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து முள்ளைக் காட்டினான். மூர்த்தியும் வந்து தூக்கிப் பார்த்தான்.

"சூப்பரா கீது மாப்ள. இன்னா மரம்?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்."

அதைச் சொன்னபோது அவனுக்குக் கிடைத்த சுகம் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை. கிதாரைச் செசிலியாவின் கையில் திணித்து, "திருவிழாவுக்கு இதத்தான் வாசிக்கணும், மூர்த்திது வாணாம்" என்று வாக்கும் வாங்கிக்கொண்டான்.

வருஷக்கணக்காகக் கடலில் ஊறிய மரம் உப்பை விட்டுவிடுமா? வெயில் இருந்தவரை சமர்த்தாக இருந்தது. அக்டோபரில் மழைக்காற்று வந்ததும் உப்பு ஈரத்தை உறிஞ்சியது, திருகாணிகள் உள்ளேயே துருவேறின, அவற்றைச் சுற்றி மரம் இற்றுப்போனது. திருவிழாவில் தேர் கிளம்பும் நேரம், செசிலியா ஓங்கி ஒரு மீட்டு மீட்டினாள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அப்படியே பிய்த்துக்கொண்டு வந்தது. ஸ்பீக்கர் அலறியது. யாரோ ஓடிப்போய் மூர்த்தியின் கிதாரை எடுத்துவந்தார்கள்.

மறுநாள் மூர்த்தி தோளில் ஒரு பலகையோடு வந்தான். தனசேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கட்டுமரத்தயா அறுத்த? எங்களுது அடுப்புக்குப் போயி மூணு மாசம் ஆவுது மாப்ள. நான் போட்டது மலைவேம்பு. திருப்பாலைவனம் பக்கம் வரப்புல வளக்குறாங்க. பத்து பலகயத் தூக்கிப் பாத்து இலேசானதா எடுத்து நெழல்ல காயவச்சேன். இது உனக்கு. அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லிருப்பனே."

பலகையை ஏரியில் வீசத்தான் தோன்றியது. ஆனால் கை அதைத் தட்டிப் பார்த்துவிட்டது. நல்ல மரம். இரண்டு மாதம் மெனக்கெட்டான். விலா உரசும் பின்பக்கத்தையும் கை படும் ஓரத்தையும் இழைத்து இழைத்துக் கனம் குறைத்தான். மூர்த்தியின் கிதாரைவிட இலேசாக வந்தது, தேக்குக்குச் சமமாக நாதமும் நின்றது.

கிறிஸ்துமஸ் பூசையில் செசிலியா அதைத்தான் வாசித்தாள். பூசை முடிந்ததும் எளாவூர்க் குழுக்காரர்கள் அது மூர்த்தி செய்தது என்று நினைத்து நேராக அவனிடம் போனார்கள். "அண்ணே, உங்க கிதாரு பிரமாதம்ணே! எங்களுக்கும் ரெண்டு வேணும்." தனசேகர் இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

"ஐயோ, எனக்கு இவ்ளோ நேக்கு வராதுப்பா" என்றான் மூர்த்தி. "இது முழுக்க என் மாப்ள வேல." சொல்லிக்கொண்டே தனசேகரை இழுத்துத் தோளில் கை போட்டு முன்னால் நிறுத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். செசிலியாவும் தட்டினாள்.

தனசேகர் சிரித்தான். மூர்த்தி தன் கிதார் என்று பீற்றிக்கொண்டிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. வயிறு முன்னைவிட எரிந்தது. தோளில் கிடந்த அந்தக் கையைத் தட்டிவிடத் துடித்தான், கூட்டம் கலையும்வரை அதைச் சுமந்துகொண்டு நின்றான்.