என் இமைகளில் இருந்த அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை ஓய்ந்த ஒரு மார்கழி மாதத்தில் தூத்துக்குடியில் நடந்தது இது. அப்போது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. துறைமுகச் சாலையில் இருக்கும் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. வாசலில் நுழைந்ததும் முதலில் தெரிகிற மேசை என்னுடையது. கண்டெய்னர் இன்னும் வந்து சேரவில்லை என்று கத்திக்கொண்டு வருகிறவரை உட்கார வைத்து, டீ வாங்கிக்கொடுத்து, சிரித்த முகத்தோடு அனுப்பி வைப்பதில் நான் கெட்டிக்காரி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு கண் உண்டு. மேல் இமை கனமாக, கண்ணுக்கு மேலே ஒரு மடிப்பாக விழுந்திருக்கும். சின்ன வயதில் அது எடுப்பாகத்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டியதும் அந்த மடிப்பு மெல்ல இறங்கி, இமை முடியைத் தொட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். அலுவலகத்தில், “தூக்கம் இல்லையா மேடம்?” மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், “ஏளா, அழுதியா? வீட்ல ஏதும் வெசனமா?” நன்றாகத் தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்து, பிடித்த சேலையைக் கட்டிக்கொண்டு போன நாளிலும் இதைத்தான் கேட்டார்கள்.

சிரித்துச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் புதிதாக வந்திருந்த மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், என்னைவிட ரொம்ப இளையவர். “மேடம், நீங்க ரொம்ப டயர்டா தெரியறீங்க. உள்ளே ஃபைல் செக்‌ஷனுக்கு மாத்தி விடட்டுமா? அங்கே தொந்தரவு இருக்காது” என்றார். அக்கறையோடுதான் சொன்னார். எனக்குத்தான் யாரோ கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பி விட்ட மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நானும் அக்கா மகளும்தான். அக்காவைப் புன்னைக்காயலில் கட்டிக்கொடுத்திருந்தோம். கொரோனா சமயத்தில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறவர், வருடத்தில் பாதி நாள் கடலில்தான். அதனால் அவர்களுடைய ஒரே பிள்ளையை நான் என்னோடு வைத்துக்கொண்டேன். அவள் இங்கேயே கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் சொன்னதை அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். என்னைவிட அவளுக்குத்தான் கோபம் வந்தது. கோபம் தணிந்ததும் போனை எடுத்துத் தேடினாள்.

“சித்தி, இமைக்கு ஆபரேஷன் இருக்காம். தொங்குத தோல மட்டும் எடுப்பாவளாம். திருநெல்வேலியில இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காவ. போய்க் கேட்டுட்டாவது வாங்களேன்.”

“இந்த வயசுலயா? ஊரு சிரிக்கும்ளா.”

“சிரிக்கட்டும். உங்க கண்ணுதான?”

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். அவளுக்குக் கல்லூரியில் ஏதோ தேர்வு, அதனால் தனியாகத்தான் போனேன்.

அந்த டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என் கண்ணைத் தொடுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். சாயங்காலம் ஆக ஆக இமை இன்னும் இறங்குகிறதா, பார்க்கிற பொருள் இரண்டாகத் தெரிகிறதா, கண் எரிகிறதா, வறண்டு போகிறதா, தைராய்டு உண்டா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்று ஒன்று விடாமல் விசாரித்தார். சில சமயம் இமை இறங்குவது வேறு நோயின் அறிகுறியாக இருக்கும், அதை விட்டுவிட்டுத் தோலை மட்டும் வெட்டக் கூடாது என்றார். பிறகு ஒரு கருவியின் முன்னால் உட்கார வைத்து, சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகளைக் காட்டிப் பார்வையைச் சோதித்தார்.

“நோய் எதுவும் இல்ல. இந்தத் தோல் உங்க பார்வையையும் மறைக்கல. அதனால மருத்துவத்துக்காக இதைச் செய்யணும்னு அவசியமே கிடையாது. உங்க ஆசைக்காக வேணும்னா செய்யலாம்” என்றார்.

ஆசை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலை தானாகக் குனிந்துவிட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

“ஆசைப்படறது தப்பில்லம்மா. அது யாரோட ஆசைன்னு மட்டும் தெளிவா தெரியணும்.”

மேலாளர் சொன்னதை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அதை அவர்கிட்ட பேசித்தான் சரி பண்ணணும், என் கத்தியால முடியாது. பேசுங்க. பேசி முடிச்ச பிறகும் இது வேணும்னு தோணினா வாங்க. வரும்போது சின்ன வயசு போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க. உங்க இமை அப்போ எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கணும்.”

கிளம்புவதற்கு முன்னால், ஆபரேஷன் செய்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, மெல்லிய டேப்பால் இரண்டு இமைத் தோலையும் தூக்கி ஒட்டிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அதில் தெரிந்த பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. விழித்துக்கொண்டிருக்கிற பெண். “இப்படியே வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கண் உறுத்தினால் எடுத்துவிடச் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். யாரும் பார்க்கிறார்களா என்ற கூச்சம் வேறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம்.

கதவைத் திறந்தது அக்கா மகள்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “நல்லாருக்கு சித்தி” என்றாள். விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“என்னளா? எதுக்கு அழுவுத?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லு.”

“நீங்க சிரிச்சியன்னா அந்தத் தோலு அப்படியே சுருங்கி, கண்ணு ரெண்டும் மூடிக்கிடும். அம்மாவுக்கும் அப்படித்தான். நா அடிக்கடி ஏதாச்சும் சொல்லி உங்களச் சிரிக்க வைப்பம்லா... அது அதுக்குத்தான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “நீங்க செஞ்சிக்கிடுங்க சித்தி. எனக்கு இன்னைக்குதான் திடுக்குன்னு ஆயிட்டு. வேற ஒண்ணுமில்ல.”

நான் டேப்பை உரித்து எறிந்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஏன் சாப்பாட்டு நேரத்தில் கோமாளித்தனம் செய்கிறாள், ஏன் என் முகத்துக்கு நேரே வந்து உட்காருகிறாள் என்பதெல்லாம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய்ப் பேசினேன். “சார், எனக்கு ஒரு சோர்வும் இல்ல. என் முகமே அப்படித்தான். என் வேலையில குறை இருந்தா சொல்லுங்க, மாறிக்கிடுதேன்” என்றேன். அவர் முகம் சிவந்துபோய், மன்னிச்சுக்கோங்க மேடம் என்று பலமுறை சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் மேசை எனக்கே இருந்தது.

இதோடு ஆசையும் போயிருக்க வேண்டும். போகவில்லை. காலையில் தலை சீவும்போது விரல் தானாக இமையைத் தூக்கிப் பார்க்கும். யாரும் எதுவும் சொல்லாத நாளிலும் பார்க்கும். அப்போதுதான் டாக்டர் கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைத்தது. இது மேலாளருக்காகவோ கோயில் வாசலில் கேட்கிறவர்களுக்காகவோ வந்த ஆசை இல்லை. என்னுடையதுதான். ஆனால் தூக்கிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் கண்ணாடியிலிருந்து அக்கா காணாமல் போவதையும் நான் பார்த்தேன். விரலை எடுத்தால் வந்துவிடுவாள்.

ஒருநாள் காலையில் இதை அக்கா மகள் பார்த்துவிட்டாள். எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது.

“ஆசையா இருக்குல்லா? பெறவு எதுக்கு வேண்டாம்னு சொன்னிய?”

“எனக்கு வேண்டாம்னு தோணுது. விடு.”

“பொய் சொல்லாதீங்க. எனக்காகத்தான் நிப்பாட்டிட்டிய. எங்கம்மா மொகத்த நீங்க சொமக்கணும்னு நா கேட்டனா? இனும உங்கள எப்பம் பாத்தாலும் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும்.”

“அவ எனக்கும் அக்காதான்ளா” என்றேன். குரல் உடைந்துவிட்டது. “எனக்கும் அவளப் பாக்கணும்னு இருக்காதா?”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை போல. அக்கா போனதிலிருந்து நான் அவளுக்கு முன்னால் அழுததே இல்லை. தாய் இல்லாத பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளும் சித்தியைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். அன்று காலையில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். நான் வேலைக்குப் போகவில்லை, அவளும் கல்லூரிக்குப் போகவில்லை. மத்தியானம் சீலா மீன் குழம்பு வைத்து, அக்காவைப் பற்றியே பேசிக்கொண்டு சாப்பிட்டோம். பிறகு அவளே பெட்டியைத் திறந்து, நானும் அக்காவும் பாவாடை தாவணியில் நிற்கிற ஒரு போட்டோவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது முறை டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். கேள்வி கேட்டது எல்லாம் அவள்தான். கண் முழுசாக மூடாமல் போய்விடுமா, தழும்பு தெரியுமா, இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்குமா என்று குடைந்தாள். அதிகமாக எடுத்தால் மூடுவது கஷ்டமாகும், கண் வறளும், அதனால்தான் குறைவாக எடுப்பேன் என்றார் டாக்டர். கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், அச்சில் வார்த்தது போல இருக்காது என்பதையும் மறைக்கவில்லை. அப்புறம் போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

“இதுல ரெண்டு பங்கு இருக்கு. பிறந்ததுலேருந்து உங்க குடும்பத்து மடிப்பு ஒண்ணு. அதுக்கு மேல வயசு சேர்த்தது ஒண்ணு. ரெண்டையும் எடுத்தா கண் பெருசா தெரியும். வயசு சேர்த்ததை மட்டும் எடுத்தா, இந்தப் போட்டோவுல இருக்கற நீங்க வருவீங்க. எது வேணும்?”

“வயசு சேர்த்தது மட்டும் போதும்” என்றேன். யோசிக்கவே இல்லை. பக்கத்தில் அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாம் என்று கூப்பிட்டாள். தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கிற கப்பல்கள் நின்றன. மணலில் உட்கார்ந்ததும், “சித்தி, ஒரு தடவ சிரிங்களேன்” என்றாள். சிரி என்றால் சிரிப்பு வருமா? அவள் கல்லூரி முதல்வர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள். எதிரே வந்த சுண்டல்காரர் அவளை முறைத்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். அதைப் பார்த்து எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவந்து என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. நெற்றி, இமை, கண்ணோரம் என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அன்னைக்கி அம்மாவப் பாக்க விடலலா” என்றாள். “மூடிக் கட்டித்தான குடுத்தாவ. அதான், இப்பம் பாத்துக்கிடுதேன்.”

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் போதும் என்று கையை எடுக்கிறவரைக்கும் அசையவில்லை.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. மரத்துப்போகிற ஊசி மட்டும்தான், மயக்கமில்லை. உட்கார வைத்துப் பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். வலி பெரிதாக இல்லை. பிறகு பட்ட பாடுதான் பாடு. இரண்டு கண்ணும் நாவல்பழ நிறத்தில் வீங்கிவிட்டன. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். அக்கா மகள் குளிர்ந்த துணியை மாற்றி மாற்றி வைப்பாள், மருந்து போடுவாள், குனிந்து எதையாவது எடுக்கப் போனால் அதட்டுவாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, “யாரும் அடிச்சிட்டாவளா?” என்று பதறிப்போனார். நாங்கள் உண்மையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, “எனக்குக்கூட இந்தக் கண்ணுக்குக் கீழ இருக்குத பை...” என்று ஆரம்பித்துவிட்டார்.

தையல் பிரித்து, வீக்கமெல்லாம் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பி அவள் முன்னால் போய் நின்றேன். அவள் என்ன தேடுவாள், கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று பயம். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“சித்தி மாதிரி இருக்கிய” என்றாள்.

அத்தனை வருடத்தில் யாரும் என்னைப் பார்த்து அவ்வளவு அழகாக ஒன்று சொன்னதில்லை.

அலுவலகத்தில் ஒருவருக்குமே வித்தியாசம் பிடிபடவில்லை. லீவு போட்டது நல்லதாகப் போயிற்று, தெளிவாக இருக்கிறீர்கள் என்றார்கள். அது போதும் எனக்கு. யாராவது என்னிடம் இந்த ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டால், செய் என்றும் சொல்வதில்லை, செய்யாதே என்றும் சொல்வதில்லை. உன் முகத்தை நேசிக்கிறவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசு, வேண்டுமானால் அழு, அதற்குப் பிறகும் அந்த ஆசை உன்னுடையதாகவே இருந்தால் அதற்காகத் தலை குனியாதே என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தவள், நான் மாறுவதால் என்னைவிட அதிகமாக இழக்கப்போகிறவளாக இருந்தாள்.