அண்ணன் பார்த்து வாங்கிய ரீல்

மீன் பிடிக்கிற ரீலைப் பற்றி எழுத ஒரு பொம்பளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதை வாங்கப் பட்டணத்துக்குப் போனபோது அண்ணனோடு நானும் போனேன். அது எங்கள் கையை விட்டுப் போனதையும் பார்த்தேன். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

காவாந்தண்டலத்துக்கு இந்தப் பக்கம், ஏரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. அண்ணன் அங்கே ஒரு பெரிய நிலக்காரர் வீட்டில் படியாள். கூலிக்காரன் இன்றைக்கு உடம்பு சரியில்லை, வரமாட்டேன் என்று சொல்லலாம். படியாள் சொல்ல முடியாது. கோழி கூவும்போது மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா அந்தக் கொட்டகையிலேயே தேய்ந்து செத்தார். மறு வாரம் அண்ணன் போய் நின்றான். என்னை மட்டும் மிஷன் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்து எங்கள் தெருப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக வந்தேன். நான் தப்பித்துவிட்டேன், அவன் மாட்டிக்கொண்டான். அந்தக் கொட்டகைக்குப் போகாத ஒரு காலை வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. கல்யாணத்தைக்கூட அதற்காகத் தள்ளிப் போட்டான். "எனுக்குப் பொறக்கற புள்ளயும் அங்கதான சாணி வாரும்" என்பான்.

வழி காட்டியது ஏரி. எங்கள் ஏரியில் வலை போடும் உரிமை குத்தகை. வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள், வருஷா வருஷம் அண்ணனுடைய ஆண்டையே எடுப்பார். அவரை எதிர்த்து யார் கேட்பது? ஆனால் தூண்டிலுக்குக் குத்தகை இல்லை. அது ஊர் வழக்கம். கரையில் உட்கார்ந்து மண்புழு கோத்துப் போட்டால் கெளுத்தியோ கெண்டையோ ஒரு வேளைக் குழம்புக்குத் தேறும். அதைப் போய் யார் கணக்குப் பார்ப்பார்கள்? பெரிய வாளை எல்லாம் மதகுக்கு நேரே ஆழத்தில் கிடக்கும். கரையிலிருந்து வீசுகிற எந்தத் தூண்டிலும் அங்கே எட்டாது. வாளைக்கு உத்திரமேரூர்க் கடைத்தெருவில் அடித்துக்கொள்வார்கள்.

அந்த ஆழத்தில் எப்படிப் பிடிப்பது என்று அண்ணனுக்குத் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஜீப்பில் ஒரு சின்னப் படகைக் கட்டிக்கொண்டு வருவார். துடுப்புப் போட அண்ணனைத்தான் கூப்பிடுவார். தகடு போல மின்னும் கொக்கி வைத்த ஒரு ஸ்பூனை ரீலில் சுற்றிய தூண்டில் நரம்பில் கட்டிப் பின்னால் விட்டுவிட்டு, படகை மெதுவாகச் செலுத்தச் சொல்வார். ஸ்பூன் தண்ணீருக்குள் நெளிந்துகொண்டே பின்னால் வரும். சின்ன மீன் போகிறது என்று வாளை பாய்ந்து கவ்வும். அப்போது ஆண்டை கரையில் இளநீரோடு காத்துக்கொண்டிருப்பார், துரை இறங்கியதும் வெட்டிக் கொடுக்க. டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது படகையும் ரீலையும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

அண்ணன் ஒரு கன்றுக்குட்டியை வாரத்துக்கு வளர்த்துக்கொண்டிருந்தான். வளர்க்கிறவனுக்குப் பாதி, மாட்டுக்காரனுக்குப் பாதி. அது பசுவானதும் தன் பாதியை விற்றான். என்னிடம் வந்து, "மெட்ராசுக்குப் போலாம் வாம்மே. இங்கிலீசுல எதுனா எழுதிக்கீதுன்னா நீ படி" என்றான். செங்கற்பட்டு வரை பஸ், அப்புறம் ரயில். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் விற்கும் ஒரு பாய் கடையில், ஊரைக் காலி செய்த வெள்ளைக்காரர்கள் விட்டுப் போன ரீல்கள் ஒரு பெட்டியில் கிடந்தன.

பாய் முதலில் எடுத்துக் காட்டியது ஒரு பளபளப்பான சின்ன ரீல். "இத எடுத்துக்கோ வாத்தியாரே, அசல் மாலு. கைல புடிச்சா பூ மாதிரி கீது பாரு."

அண்ணன் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இது கரையிலேர்ந்து வீசறதுக்கு பாய். நான் படகுக்குப் பின்னால இஸ்துக்கினு போவணும்."

அடுத்தது அழகான பித்தளை ரீல், தந்தப் பிடி போட்டது. எனக்கு அதுதான் பிடித்தது. அண்ணன் உருளையின் அகலத்தை விரலால் அளந்தான். "நரம்பு கொஞ்சந்தான் கொள்ளும். வாளை ஒரு ஓட்டம் ஓடுச்சுன்னா மொத்தமும் காலி" என்றான். கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து அவனே ஒன்றை எடுத்தான். கறுப்பு நிறம், தூக்கினால் கனம், பார்க்கச் சகிக்கவில்லை. கைப்பிடிக்குக் கீழே நட்சத்திரம் போல ஒரு சக்கரம் இருந்தது, அதுதான் பிரேக். அதை இறுக்கினால் மீன் இழுத்தாலும் நரம்பு போகாது. இளக்கினால், அறுந்துபோகிற அளவுக்கு மீன் இழுக்கும்போது தானே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அண்ணன் என்னை நரம்பைப் பிடித்துக்கொண்டு கடைக்கோடி வரை நடக்கச் சொன்னான். சக்கரத்தை ஒரு சுற்று திருப்புவான், "இஸ்துப் பாரும்மே" என்பான், மறுபடி திருப்புவான். போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்களைப் பைத்தியம் என்று பார்த்தார்கள். பிறகு பக்கவாட்டிலிருந்த பொத்தானை நகர்த்தி உருளையைக் காதருகே வைத்துச் சுற்றினான். கிர்ர்ர் என்று கத்தியது.

"ரெண்டு கையும் துடுப்புல இருக்கும். மீனு கவ்வுச்சுன்னு இது கத்திச் சொல்லணும்" என்றான். அதன் மேல் எழுதியிருந்ததைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். "அதான் கேட்டுச்சே" என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

படகுக்கு எங்கே போவது? கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் பெரிய இரும்புக் கொப்பரை மிதக்கும் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளக் காலத்தில் அதில்தான் ஆளைக் கடத்துவார்கள். பொங்கல் கழித்துக் கரும்பு ஆட்டும் வரை ஆண்டையின் கொப்பரை சும்மாதான் கவிழ்ந்து கிடக்கும். அண்ணன் போய்க் கேட்டான். "எத்துக்கினு போடா, துருப் புடிக்காம இருக்கும்" என்று அவரும் கொடுத்துவிட்டார். ஸ்பூனுக்கு அம்மாவின் பித்தளைக் கரண்டி போயிற்று. அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

முதல் நாளே ஒரு வாளை. தோளில் போட்டால் வால் முழங்காலைத் தொட்டது. உத்திரமேரூருக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அம்மா விடவில்லை.

"மொதல் மீனு ஆண்ட வூட்டுக்குப் போவணும். மொதல்ல காய்ச்ச பூசணி போவுது, மொதல்ல பறிச்ச மல்லாட்ட போவுது. இது மட்டும் போவாதா?"

"ஏரி அவரு போட்ட பூசணியாம்மா?"

"நீ படிச்ச திமிர்ல பேசாத. குட்த்துட்டா அப்பால யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

அண்ணனும் அம்மா பக்கம்தான். முதல் பங்கைக் கொடுத்துவிட்டால் மிச்சம் நமக்கு என்பது எங்கள் தெருவில் வேதவாக்கு. இரண்டு பேருமாக அந்த மீனைக் கழுவி, வாழையிலையில் சுற்றி, ஆண்டை வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். ஏரியின் ஆழத்தில் என்ன கிடக்கிறது என்று அதுவரை அவருக்கே தெரியாது. அவருடைய வலை அந்த ஆழத்துக்குப் போனதில்லை. நாங்களே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம்.

அதற்குப் பின் கொஞ்ச நாள் எங்கள் வீடு வீடாக இருந்தது. அண்ணன் விடியற்காலையில் ஏரியில் இருப்பான். வெயில் ஏறுவதற்குள் மீனை உத்திரமேரூரில் போட்டுவிட்டு, எனக்குப் பேனா மை, அம்மாவுக்கு வெற்றிலை என்று ஏதாவது வாங்கிக்கொண்டு வருவான். மாட்டுக்கொட்டகைக்குத் தனக்குப் பதில் ஓர் ஆளைக் கூலி பேசி அனுப்பினான். படியாள் தனக்கு ஆள் வைப்பதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை.

மதகடியில் ஊர் கூடியது. ஆண்டை கோபப்படவே இல்லை. அவர் யாரையும் கை நீட்டி அடித்தவரும் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"தூண்டிலுக்குக் குத்தகை இல்லன்னு நீங்கதான சொல்வீங்க, ஆண்டே" என்றான் அண்ணன்.

"இப்பவும் அதான் சொல்றேன். தாராளமாப் போடு. கரையில குந்திக்கினு போடு. தண்ணி மேல போனா அது குத்தகைக்காரன் எடம்."

"டாக்டரு தொர போனாரே?"

"தொர மீன வித்தாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் முன்னால் போய், "அப்படி எங்கே சட்டம் இருக்கிறது, காட்டுங்கள்" என்றேன். "டீச்சரம்மா, இது ஊரு விசயம்" என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், எனக்குப் பதில் முடிந்தது. வழக்கம் என்றால் நமக்கும் சொந்தம் என்று நம்பியிருந்தோம். அது அவர்கள் கொடுத்து வைத்தது, வேண்டும்போது எடுத்துக்கொள்வார்கள்.

"ரீலு எங்கிட்ட இருக்கட்டும்டா. உன் கைல இருந்தா உனுக்கு மனசு கேக்காது. குத்தகை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோ" என்றார் ஆண்டை. அண்ணன் இரண்டு கையாலும் கொடுத்தான்.

பொங்கல் லீவுக்கு அவருடைய மகன் காலேஜிலிருந்து வந்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதைதான். என் அண்ணன் பார்த்து வாங்கிய ரீல், என் அண்ணன் தூண்டில் கோலாகச் சீவிய மூங்கில், என் அம்மாவின் கரண்டி. துடுப்புப் போடவும் என் அண்ணனே. பள்ளிக்கூடம் லீவு. ஏரிக்கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

மதகுக்கு நேரே போகும்போது ரீல் கத்தியது. கரை வரைக்கும் கேட்டது. அந்தப் பையன் பயந்துபோய்ப் பிரேக்கை இறுக்கிவிட்டுக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். மூங்கில் தண்ணீரைத் தொடுகிற மாதிரி வளைந்தது. கொப்பரை ஒரு பக்கம் சாய்ந்தது. நரம்பு அறுந்து போகட்டும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணினேன். சத்தியமாக, அவ்வளவு மனசோடு நான் அதற்கு முன் எதற்கும் ஜெபித்ததில்லை. அப்போது அண்ணன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டி அந்த நட்சத்திரச் சக்கரத்தை இளக்கினான். நரம்பு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பையன் சுற்றச் சுற்ற அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இளக்கியும் இறுக்கியும் அந்த வாளையைக் கொப்பரைக்குள் ஏற்றிக் கொடுத்தான். கரையில் நின்றவர்கள் சின்ன ஆண்டைக்குக் கை தட்டினார்கள்.

சாயங்காலம் அண்ணன் ஒரு மீன் தலையோடு வீட்டுக்கு வந்தான். ஆண்டை கொடுத்தாராம். அம்மா புளி கரைக்கப் போனாள். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணா பிரேக்க இளக்குன? அறுந்து தொலையட்டும்னு வுட வேண்டியதுதான? உனுக்கு சூடு சொரணையே இல்லியா?"

அவன் கையைக் கழுவிக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"அறுந்துதுன்னா நம்ம நரம்பு இல்ல போய்டும்? குத்தகை முடிஞ்சி நான் வாங்கறப்ப ரீலுல நரம்பு இருக்க வாணாமா?"

அடுத்த வருஷக் குத்தகையை ஆண்டை அதற்கு முந்தின வாரமே எடுத்துவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அம்மா குழம்பை இறக்கி மூன்று பேருக்கும் ஊற்றினாள். அண்ணன் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான், விடிவதற்குள் கொட்டகைக்குப் போக வேண்டுமென்று.