நீலகண்டன் போட்ட ஓட்டை

நீலகண்டன் அண்ணன் மாதிரி பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. லிஃப்ட் ஒரு நொடி தாமதித்தால் அவருக்கு வேர்த்துவிடும். முதலாளியின் கார் சத்தம் கேட்டால் செய்யாத தப்புக்குப் பதில் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பக்கத்துக் கிராமமான போலகத்தில் நெல் போடுகிற குடும்பம். எங்கள் திருநள்ளாறு லாட்ஜில் ஜெனரேட்டர், மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. நான் ஞானசௌந்தரி, அதே லாட்ஜில் ரிசப்ஷன். எனக்குப் பயம் கிடையாது, பொறுமையும் கிடையாது.

முதலாளி ராஜ்மோகன் சிங்கப்பூர் போய்வந்த கையோடு வரவேற்பறையில் எட்டடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்தார். உப்புநீர் நிரப்பி, பண்ணையில் வளர்த்த பவளங்களை முறையான அனுமதியோடு வரவழைத்தார். பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது உயிர். நீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கு எலும்பு கட்டிக்கொள்ளும். அந்தச் சத்து குறையக் குறைய நாம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொட்டி அமைக்கச் சென்னையிலிருந்து வந்த ஆள், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிற பம்ப் போதும் என்றார். இவ்வளவு பெரிய தொட்டிக்குக் கால்சியம் ரியாக்டர்தான் சரி என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். பெயர்தான் பெரிது. ஒரு குழாய் நிறைய கல்லாகிப்போன பவளச் சில்லு. அதற்குள் சோடா கம்பெனியில் அடைக்கிற அதே கரியமில வாயு போகும். வாயு கலந்த நீர் புளித்துக் கல்லைக் கரைக்கும், கரைந்த சத்து தொட்டியில் சொட்டும். வாயு கூடினால் தொட்டி நீரே புளித்துவிடும். குறைந்தால் சத்து பற்றாது. எல்லாம் ஒரு திருகில் இருக்கிறது. பயந்த மனிதர் கையில் அந்தத் திருகைக் கொடுத்துவிட்டோம்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. விரல் அளவில் வந்த பச்சைக் கிளைப் பவளம் ஒன்று, இரண்டு கை கொள்ளாத கொத்தாகிவிட்டது. அண்ணன் அதன் முன்னால் நின்றுதான் டீ குடிப்பார். பிறகு முதலாளி வரவேற்பறைக்கு கிரானைட் பதித்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்தார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் தொட்டியின் pH மீட்டரில் எண் இறங்கியது. 8.2 நிற்க வேண்டிய இடத்தில் 7.7. நீர் புளிக்கிறது என்று அர்த்தம்.

வாயு கூடிவிட்டது என்று அண்ணன் திருகைக் குறைத்தார். அடுத்த சனிக்கிழமையும் இறங்கியது, இன்னும் குறைத்தார். சத்து பற்றாமல் பச்சைப் பவளம் அடியிலிருந்து வெளுத்துத் தோல் உரிய ஆரம்பித்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நாந்தானே இத வாங்கச் சொன்னேன், சௌந்தரி. நானே அத கொன்னுடுவேன் போலருக்கு."

"இன்னும் சாவலையே அண்ணே. அந்தத் திருகத் தொடாம ஒரு நாளு சும்மா இருங்க."

எரிச்சலில் சொன்னேன். அவரால் சும்மா இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாயுவை அடியோடு மூடிவிட்டார். சனிக்கிழமை காலையில் எண் மறுபடியும் இறங்கியது.

"வாயுவே போவல. அப்புறம் எப்படி?" என்று மெல்லத் திரும்பி அறையைப் பார்த்தார். நளன் குளத்தில் முழுகிவிட்டு வந்த ஈரத் தலைகள், பெட்டிகள், அழுகிற பிள்ளைகள், அறைக்காகக் காத்து நிற்கும் குடும்பங்கள். எள் போட்டால் எள் விழாது. கதவு இறுக மூடியிருந்தது.

"சௌந்தரி, இத்தன பேரும் மூச்சு விடுறாங்கல்ல?"

"விடாம?"

"அதுவும் அதே வாயுதானேம்மா!"

தொட்டியின் அழுக்கை நுரையாக எடுக்கிற ஸ்கிம்மர் அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சி நீரில் கலந்துகொண்டிருந்தது. ரியாக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் போய்க் கதவைத் திறந்துவைத்தேன். கொஞ்ச நேரத்தில் எண் ஏறத் தொடங்கியது. அதற்குள் முதலாளி கேமராவில் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "கதவ மூடும்மா, குளிர்ச்சியெல்லாம் தெருவுக்குப் போவுது." மூடினேன். எண் இறங்கியது.

ஸ்கிம்மருக்கு வெளிக்காற்று வர வேண்டும் என்றால் சுவரைத் துளைத்துக் குழாய் விட வேண்டும். அது முதலாளி ஒரு ஆணி அடிக்கக்கூட விடாத கிரானைட் சுவர். "போன் போட்டுக் கேளுங்கண்ணே" என்றேன். போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். பச்சைப் பவளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று போய் டிரில்லிங் மெஷினோடு வந்தார். சுவரில் வைத்து அழுத்தினார். அந்தச் சத்தத்தில் கூட்டமே காதைப் பொத்திக்கொண்டது. ஓட்டை வழியே ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே விட்டு, வாயுத் திருகையும் பழையபடி திறந்தார்.

சாயங்காலம் எண் 8.1-க்கு வந்திருந்தபோது முதலாளி உள்ளே நுழைந்தார். கண் நேராகச் சுவருக்குப் போனது.

"யாருய்யா இங்க ஓட்ட போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தார். "நாந்தாங்க மொதலாளி. கேட்டா வேணாம்பீங்கன்னுதான் கேக்கல. இத அடைச்சா அது செத்துப்போயிடும். அடைக்கணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி மாடிக்குப் போய்விட்டார். அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சௌந்தரி, நான் இப்ப என்ன சொன்னேன்?"

சொன்னேன். "ஐயையோ" என்று தலையில் கைவைத்தார். அப்போது என் மேசைப் போன் அடித்தது. மாடியிலிருந்துதான். "எடுக்காதம்மா" என்று கெஞ்சினார். எடுத்தேன்.

"அந்தக் குழாயச் சுத்தி நல்லா பூசச் சொல்லு. மழ பேஞ்சா தண்ணி உள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டு முதலாளி வைத்துவிட்டார்.

அதை அப்படியே அண்ணனிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மட்டும், "கோவமா சொன்னாரா, சாதாரணமா சொன்னாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.