துண்டு திரும்பி வரும் வரை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஆடுகளின் எடை பற்றிய ஒரு மசோதாவைப் படித்தது. பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. அம்மா சமையலறை மேசையில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவட்டக் கண்காட்சிக்கு வரும் ஆட்டையும் பன்றியையும் எந்தத் தராசில், யார் முன்னிலையில் நிறுக்க வேண்டும் என்று எதிரே உட்கார்ந்து நான் சத்தமாக வாசித்தேன்.

"முதல்ல இருந்து ஏன்டி படிக்கிற? வால்ல இருந்து வா," என்றாள். "புதுசா ஒட்டுறவன் வால்லதான் ஒட்டுவான்."

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை மாவட்ட அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், கதவைத் திறக்காவிட்டால் அபராதம் என்று ஒரு பிரிவு. முந்தைய வாரப் பிரதியில் அது இல்லை.

அம்மா பிசைவதை நிறுத்தவில்லை. "ஆடு, பன்றி, அப்புறம் நாம. வரிசை சரியாத்தான் இருக்கு," என்றாள்.

மறுபடி வாசிக்கச் சொன்னாள். எல்லோருக்கும் திங்கட்கிழமை செய்தி அனுப்புவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் யாரையும் பதறவைக்க மாட்டாள். அது அவள் விதி. ரொட்டிகளை அடுப்பில் வைத்துவிட்டுக் கை கழுவும்போது, புதன்கிழமை கரடி ஓடைப் பக்கம் போக வேண்டும், ப்ரூயிட் வீட்டில் அவளுடைய நீலக் கட்டம் போட்ட துண்டு இருக்கிறது என்றாள்.

"மூணு பிள்ளைன்னு சொன்னாங்க. நான் பாத்தது ரெண்டுதான்."

திங்கட்கிழமை காலை கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் கூண்டு வாசலிலேயே விழுந்தாள். இதயம். அப்பா போய்ப் பார்த்தபோது கவிழ்ந்த வாளியைச் சுற்றித் தண்ணீர் உறைந்திருந்தது.

அவள் பெயர் ட்வைலா ஹென்ஸ்லி. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். எங்கள் ஊர்ப் பள்ளியை மூடி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்தபோது அவள் வேலை போனது. எனக்கு ஏழு வயது. பஸ் மலையைச் சுற்றிப் போகும். மழை பெய்தால் தரைப்பாலம் மூழ்கிவிடும், பஸ் அக்கரையிலேயே நிற்கும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் படிப்பு இல்லை என்று என்னை நிறுத்திவிட்டாள்.

வருகைப் பதிவு அதிகாரி காரில் வந்தார். இது சட்டப்படி தவறு என்றார். எந்தப் பிரிவு என்று அம்மா கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. மாவட்ட நூலகத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய்ச் சட்டப் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்தாள். தவறு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அன்று எனக்குப் பாடம் நீள வகுத்தல். அவளுக்கும் அன்றுதான் ஒரு பாடம் தொடங்கியது, சாகும்வரை அது முடியவில்லை.

ஜனவரியில் சட்டமன்றம் கூடினால் மே மாதம் வரை எங்கள் வீட்டில் காலை உணவோடு மசோதாவும் உண்டு. கல்வி மசோதாவை எல்லோரும் படிப்பார்கள். அம்மா மற்றதைப் படித்தாள். வேன் ஓட்டுநர் உரிமம், தடுப்பூசி, கண்காட்சி, நூலக வரி. "பள்ளி வயதுப் பிள்ளை" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் போய் நிற்பாள். முழுதும் படிக்காமல் ஒருவருக்கும் சொல்ல மாட்டாள். மாநில வீட்டுக்கல்விச் சங்கம் மாதம் ஒருமுறை "ஆபத்து, ஆபத்து" என்று அனுப்பும். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு, ட்வைலா அக்கா என்ன சொன்னாங்க என்று கேட்கும். அவள் அனுப்புவது நான்கே வரி: மசோதா எண், பக்கம், என்ன செய்யும், சட்டமன்றக் குழு விசாரணை எந்த நாள். கடைசி வரியில் சில சமயம், "இதுக்கு யாரும் வர வேண்டாம், வீட்டு வேலையைப் பாருங்க" என்றிருக்கும். அதனால்தான் வரச் சொன்னால் வந்தார்கள்.

வருபவர்கள் ரொட்டியோடு வருவார்கள். வீட்டிலேயே கோதுமை அரைத்துச் சுட்ட ரொட்டி, துண்டில் சுற்றி ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரின் அறையிலும் ஒன்று. எல்லா வீட்டுக்கல்விக் குடும்பங்களும் செய்வதுதான். அம்மா மட்டும் துண்டை அப்படியே விட்டுவிட மாட்டாள். மறுவாரம் போய்த் திருப்பிக் கேட்பாள்.

"ரொட்டி ஒரு தடவை உள்ள விடும். துண்டு ரெண்டாவது தடவை விடும்," என்பாள்.

எட்டு வருடத்துக்கு முன் இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு வீட்டில் ஒரு பையன் பட்டினியால் செத்தான். வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று பெற்றோர் சொல்லியிருந்தார்கள். அந்த வருடம்தான் இந்த ஆய்வு மசோதா முதலில் வந்தது. கொண்டுவந்தவர் கெஸ்லர் என்ற பெண் உறுப்பினர், முன்னாள் நர்ஸ், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுபவர். விசாரணையில் சங்கத் தலைவர் ப்ரான்ட் சுதந்திரம் பற்றி நீளமாகப் பேசினார். அம்மாவின் முறை வந்தபோது, அந்தப் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தார் முன்பே புகார் சொல்லியிருந்ததையும், அரசிடமிருந்து ஒருவரும் போகாததையும் சொன்னாள். இருக்கிற சட்டத்துக்கே ஆள் போகவில்லை, புதுச் சட்டத்துக்கு யார் போவார் என்று கேட்டாள்.

கெஸ்லர் விடவில்லை. "சரி, மிஸஸ் ஹென்ஸ்லி. நாங்க போகல. நீங்க போனீங்களா? உங்க ஆளுங்கதானே அவங்க?"

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அம்மாவின் கழுத்து சிவப்பது தெரிந்தது.

"போகல," என்றாள். "இனிமே போவேன்."

மசோதா குழுவிலேயே விழுந்தது. எங்கள் ஆட்கள் கைகொடுத்தார்கள். அவள் சொன்னதை ஒரு பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் மறுவாரமே காரை எடுத்தாள்.

எங்கள் மாவட்டத்தில் யாரோடும் சேராமல், மலைக்குள் தனியாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கு ரொட்டியோடு போனாள். பிள்ளைகளைப் பார்த்துப் பேசினாள். மறுவாரம் துண்டு வாங்கப் போனாள். அப்போதும் வெறுங்கையோடு போக மாட்டாள். புது ரொட்டி, புதுத் துண்டு. பிறகு அதை வாங்கப் போக வேண்டும்.

ப்ரான்ட் வீட்டுக்கே வந்தார். "அரசாங்கம் செய்யக் கூடாதுன்னு சண்டை போட்டுட்டு, நாமளே அந்த வேலையைச் செய்யலாமா ட்வைலா?"

"அதிகாரி வந்தா கதவைத் தொறந்தே ஆகணும். என் மூஞ்சியில அறைஞ்சு சாத்தலாம். அதான் வித்தியாசம்."

"சாத்தினா?"

"துண்டு உள்ள இருக்கும்ல."

நானும் அவளோடு மோதியிருக்கிறேன். என் வேலை கொதிகலன் ஆய்வு. அடையாள அட்டையைக் காட்டினால் எந்த ஆலையும் கதவைத் திறக்க வேண்டும், இது சட்டம். பாய்லருக்கு இருக்கிற பாதுகாப்பு பிள்ளைக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"உன் பாய்லர் உன்னைப் பாத்து பயப்படுமா?" என்றாள். "அட்டை காட்டிட்டு வர்றவகிட்ட எந்தப் பிள்ளை வாயைத் தொறக்கும்?"

எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. இன்றும் படவில்லை. ஆனால் போனவள் அவள்; நான் அல்ல, கெஸ்லர் அல்ல, ப்ரான்ட் அல்ல.

மூன்றாவது வருடம் ஒரு வீட்டில் ஒரு சிறுமியின் கையிலிருந்த காயங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். காரை விட்டு இறங்காமலே மாநிலக் குழந்தைகள் பாதுகாப்பு உதவி எண்ணுக்குப் பேசினாள். பெயர் சொல்லத் தேவையில்லை என்றார்கள். சொன்னாள், எழுத்துக்கூட்டியும் சொன்னாள். சிறுமியை அவளுடைய அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். செய்தி பரவியதும் எங்கள் ஆட்கள் அம்மாவை விட்டு விலகினார்கள். தேவாலயத்தில் எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர வேறு யாரும் உட்காரவில்லை. சங்கம் அவள் பெயரை நீக்கியது. காட்டிக்கொடுத்தவள் என்று ஒரு பெண் கடையில் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"ஆமா," என்றாள் அம்மா. "அடுத்த தடவையும் காட்டிக்கொடுப்பேன். முட்டை என்ன விலை?"

அப்பா சமையல் எரிவாயு லாரி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். அன்று ராத்திரிச் சாப்பாட்டில், "அரசாங்கமும் உனக்கு ஆகாது, ஊரும் ஆகாது. மிச்சம் நான் ஒருத்தன். நானும் சோத்துக்குத்தான் இருக்கேன்," என்றார். அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஜனவரியில் வழக்கம்போல மசோதாக்களைப் படித்தாள். நான்கு வரிச் செய்தியை அதே குடும்பங்களுக்கு அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. விசாரணை நாளில் எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அவள் தன் கோட்டைக் கழற்றி அதில் வைத்தாள். வசதியாகப் போயிற்று என்றாள்.

பிறகு வந்த வருடங்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அவள் யாரையும் கணக்கெடுக்கவில்லை. போகாத வீடு எது என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தாள்.

அவள் விழுந்த திங்கட்கிழமை மாலை அந்தச் செய்தியை நான் அனுப்பினேன். மசோதா எண், பக்கம், என்ன செய்யும், விசாரணை வியாழக்கிழமை. ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: அம்மா இன்று காலை இறந்துவிட்டாள், அடக்கம் சனிக்கிழமை.

சிலர் தொலைபேசியில் அழைத்தார்கள். அடக்கம் முடியும்வரை இதையெல்லாம் விடு என்று என் சித்தி சொன்னாள். அப்பா சமையலறை வாசலில் நின்றார். "அவ விட்டிருப்பாளா?" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அறை நிரம்பி, நடைபாதையிலும் ஆட்கள் நின்றார்கள். துண்டு சுற்றிய ரொட்டிகள். முட்டை விலை கேட்ட அன்று அம்மாவைத் திட்டிய அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் நின்றாள். ஆட்டுக்கும் பன்றிக்குமான மசோதாவில் எங்களுக்கு என்ன வேலை என்று குழுத் தலைவரே கேட்டார். நான் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். குழுவில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்கு அப்போதுதான் வந்தார்கள். தாள் புரளும் சத்தம் கேட்டது.

கெஸ்லர் மைக்கை இழுத்துக்கொண்டார். முடி நரைத்திருந்தது. முதலில் அம்மாவுக்காக வருத்தம் சொன்னார். உண்மையாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டார்.

"எனக்கும் உங்க அம்மாவுக்கும் ஒத்துப்போனதே கிடையாது. ஆனா அவங்க சொன்னபடி போனாங்க. அது எனக்குத் தெரியும். அவங்க ஒருத்தரை நம்பி இத்தனை வருஷம் இந்தச் சட்டம் இல்லாம இருந்துட்டோம். இப்ப அவங்க இல்ல. இனி யாரும்மா போறது?"

ப்ரான்ட் பின்னாலிருந்து ஏதோ சொல்ல எழுந்தார். சட்ட நுணுக்கமாக ஒரு பதில் என்னிடமும் இருந்தது, தயாரித்தும் வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

"நான் போறேன்," என்றேன். "இங்கிருந்தே போறேன்."

மதியத்துக்குள் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். ஆடும் பன்றியும் மட்டும் மிஞ்சின. சுற்றி நின்றவர்கள் கைகொடுத்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் கொடுத்த அதே கைகள். வாங்கிக்கொண்டு காருக்குப் போனேன்.

பின் இருக்கையில் ஒரு ரொட்டி இருந்தது. சனிக்கிழமை அவள் பிசைந்ததில் கடைசி. சிவப்புக் கட்டம் போட்ட துண்டில் காலையில் நான்தான் சுற்றினேன். அவள் சுற்றுவதுபோல் முனை ஒடுங்கவில்லை.

கரடி ஓடையில் தண்ணீர் குறைவு. தரைப்பாலத்தைத் தாண்டினேன். ப்ரூயிட் வீட்டு நாய் கார் கூடவே ஓடிவந்தது. இரண்டு பிள்ளைகள் விறகுக் குவியலருகே நின்றார்கள். ஒரு பெண்ணும் ஒரு பையனும், நல்ல கோட்டு, ஆரோக்கியமான முகம். கையசைத்தேன். பையன் கையசைத்தான்.

கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது, ஒரு சாண் அளவுக்கு. என் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. நான் ட்வைலாவின் மகள், அம்மா திங்கட்கிழமை இறந்துவிட்டாள் என்றேன். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். உள்ளே போய், துவைத்து இஸ்திரி போட்டு மடித்த நீலத் துண்டோடு வந்தாள். இடைவெளி வழியாக நீட்டினாள். ரொட்டியை நான் நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். கதவு அந்த ஒரு சாணுக்கு மேல் நகரவில்லை.

"நல்ல மனுஷி உங்கம்மா," என்றாள். "போய்ட்டு வாங்க."

"மூணாவது பிள்ளை எங்கங்க?"

முகம் மாறியது. "துண்டு கொடுத்தாச்சே."

"கொடுத்தீங்க. எங்கம்மா துண்டுக்கு மட்டும் வரல. நானும் அதுக்கு மட்டும் வரல."

"நீங்க யாரு கேக்குறதுக்கு? அரசாங்கமா?"

"இல்ல. இதுக்கு என்கிட்ட அட்டை இல்ல, தாள் இல்ல. கதவைச் சாத்துங்க, தப்பில்ல."

அவள் என்னையே பார்த்தாள். "அவன் தூங்குறான்," என்றாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் விழுந்தது.

நீலத் துண்டைப் படியில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். நாய் வந்து காலருகே படுத்தது.

"முழிக்கட்டும்," என்றேன், கதவுக்குக் கேட்கும்படி. "நான் இங்கதான் இருக்கேன்."